‘எல்லாரும் வந்தாச்சு’ என்று நான் சொன்ன நாள்

“…எல்லாரும் எண்டு ஒரு ஆளை நான் என்ர சீவியத்தில இன்னும் காணேல்லை, அண்ணை. அவர் எந்த சீற்றில இருக்கிறார்? காட்டுங்கோ பாப்பம்!”

வயலோரம் வந்து நின்ற பஸ்ஸின் படியில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலுமாக நின்று றீற்றா அக்கா என்னிடம் இதைக் கேட்டார். முழங்கால் வரைக்கும் சாம்பல் நிறக் களிமண். கையில் நனைந்து போன பெயர்ப்பட்டியல். அந்தக் கேள்வியை வாங்கிக் கட்டிக்கொள்ள அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்பதை, புதிதாக ரயில் வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்குச் சொல்லாமல் விட்டால் என் மனம் ஆறாது.

நான் படித்து இந்த வேலைக்கு வந்தவன் அல்ல. மொன்றியலுக்கு வந்த புதிதில் கோப்பை கழுவினேன். பிறகு ரயிலில் கோப்பி ஊற்றினேன். ஊற்றி ஊற்றியே ஒரு பெட்டிக்குப் பொறுப்பாளன் ஆனேன். என் பிரெஞ்சு முழுவதும் பயணிகளிடம் பொறுக்கியது. அவர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகும் பேச்சுகளையும் அப்படியே பொறுக்கி வைத்திருக்கிறேன். மேலே நீங்கள் வாசித்ததுதான் அவற்றில் எனக்கு ஆகக் கூடிய விலை கொடுத்து வந்தது.

ரயில் முழுவதற்கும் பொறுப்பான எங்கள் வண்டித் தலைவியைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். முப்பது வருடம் ரயிலில் நின்ற கியூபெக்காரி. தன்னைப் பற்றி யாரும் கதைப்பது அவருக்குப் பிடிக்காது, ஆகவே பெயரை விட்டுவிடுகிறேன். நான் சேர்ந்த முதல் கிழமை, வண்டி புறப்பட முன்னர், “கதவெல்லாம் பூட்டியாச்சா?” என்று கேட்டார். “ஓம், பூட்டியாச்சு” என்றேன்.

“பார்த்தியா, கேட்டியா?”

“முன்பெட்டிக்காரர் சொன்னவர்.”

மூக்கு உறைந்து விழுகிற குளிர். என்னை இறக்கி, மேடையின் நீளத்துக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு கதவையும் தொடவைத்தார். எல்லாமே பூட்டித்தான் இருந்தன. எனக்கு ஒரே சந்தோஷம், அவரை வென்றுவிட்டேன் என்று. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஏறிவிட்டார். அந்தக் கேள்வியின் கனம் எனக்கு விளங்கப் பல வருடங்கள் ஆயின.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு ஏப்ரில். கியூபெக் நகரத்திலிருந்து மொன்றியலுக்குத் திரும்புகிற பிற்பகல் வண்டி. எங்கள் வண்டியை ‘அதிவேக வண்டி’ என்று விளம்பரம் செய்வார்கள். யப்பான்காரர் கேட்டால் சிரிப்பார்கள்தான், ஆனாலும் வெட்டவெளியில் சாரதி இழுத்துவிட்டால் மேசையில் வைத்த கோப்பி தானாக நடக்கும். இயந்திரத்துக்குப் பின்னால் நாலு பெட்டிகள். நான் கடைசிப் பெட்டி.

அன்றைக்கு என் பெட்டி நிறைய எங்கட ஆட்கள்! யாழ்ப்பாணமும் மன்னாருமாக ஒரு கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்த பதினேழு குடும்பங்கள், நாற்பத்தொரு பேர், யாத்திரை முடித்துத் திரும்புகிறார்கள். அவர்களைக் கட்டி மேய்க்கிறவர் றீற்றா அக்கா. லவாலில் ஒரு கார்டெறியில் சின்னப்பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. வயதில் என்னிலும் இளையவர். ஆனால் அந்தப் பங்கில் ஞானஸ்நானம் எடுத்த குழந்தையிலிருந்து சுவாமியார் வரைக்கும் அவர் அக்காதான். நான் மட்டும் விதிவிலக்காவேனா?

வண்டி வெளிக்கிட்டு அரை மணித்தியாலத்தில் மூன்றாம் பெட்டியிலிருந்து ஒரு பெண்பிள்ளை எட்டிப் பார்த்தாள். பச்சைக் கோட்டு, தோளில் படிப்புப் பை.

“அக்கா, நீங்கல்லாம் சிலோனா? தமிழ் காதுல விழுந்துச்சு, அதான் எழுந்து வந்துட்டேன். இங்க உக்காரலாமா?”

“இதையும் கேக்கிறதோ பிள்ளை? இரு, இரு. மொன்றியலிலயோ படிக்கிறாய்? ஆர் சமைச்சுத் தாறது?”

“யாரு தருவா அக்கா? பிரெட்டும் ஜாமும்தான்.”

அவ்வளவுதான். ஒருவர் மீன் ரோலைக் கொடுத்தார், இன்னொருவர் பற்றிஸ் கொடுத்தார். எந்த ஊர், வாடகை எவ்வளவு, கல்யாணம் பேசுகினமோ என்று பத்து நிமிடத்தில் அவளுடைய சரித்திரத்தையே வாங்கிவிட்டார்கள். குழுவின் பகிடிக்காரர் பீற்றர் அண்ணை, “பிள்ளை, நீ கதைக்கிறது படத்தில கதைக்கிறமாதிரியே இருக்கு. இன்னும் கொஞ்சம் கதை, ரிக்கற் எடுக்காமல் படம் பாப்பம்” என்றார். அவள் வாயில் ரோலோடு சிரித்தாள். நானும் கோப்பித் தள்ளுவண்டியோடு நின்று சிரித்தேன். அவளுடைய சீட்டு மூன்றாம் பெட்டிக்கு. ஆனாலும் எழுப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவள் றீற்றா அக்காவிடம், “அக்கா, கோட்டைக் கொஞ்சம் புடிங்க, கை கழுவிட்டு வந்துடறேன்” என்று பின்பக்கக் கழிவறைக்குப் போனாள். இதை நான் காணவில்லை. நான் அப்போது பீற்றர் அண்ணைக்குச் சீனி தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாதை போகிற பகுதி மண்ணைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது ஒருவிதக் களி. உறைந்த தயிர் மாதிரிப் பார்வைக்குக் கட்டியாக இருக்கும். பனி கரைந்து மழையும் பெய்து, ஒரு இடத்தில் குலைந்துவிட்டால் மோராக ஓடிவிடும். மூன்று நாளாக மழை. ஆற்றங்கரையில், தண்டவாளத்துக்கு அடியில், அந்தத் தயிர் குலைந்துகொண்டிருந்தது. மண் போனாலும் தண்டவாளம் அறாமல் அந்தரத்தில் கொடிக்கயிறு மாதிரித் தொங்கும். அறாதவரை சமிக்ஞை பச்சைதான். சாரதிக்கு முன்னால் எல்லாம் பச்சை!

தண்டவாளம் ஓரிடத்தில் பள்ளமாய் வளைந்திருக்கிறதைக் கண்டு அவர் தடையைப் போட்டார். இயந்திரமும் முதல் இரண்டு பெட்டிகளும் ஓடிவந்த வேகத்தில் தாண்டிவிட்டன. மூன்றாவதின் பின்சில்லுகள் தண்டவாளத்தை விட்டு இறங்கின. என் பெட்டி முழுக்க இறங்கியது. ஐயோ, அந்தச் சத்தம்! தகரக் கூரைமேல் பாறாங்கல் கொட்டுகிறமாதிரி. தள்ளுவண்டி என்னை ஏறி மிதித்துக்கொண்டு போனது. கண்ணைத் திறந்தபோது பெட்டி வலப்பக்கம், ஆற்றுப்பக்கம், சரிந்து நின்றது. யன்னலில் வானம் இல்லை. சேறுதான்.

அடுத்த கணம் நாற்பது தொண்டையும் ஒன்றாகக் கத்தின.

றீற்றா அக்கா ஆசனத்தின் முதுகைப் பிடித்து எழும்பினார். நெற்றியில் கீறல். “கத்தாதேங்கோ! செபமாலையைச் சொல்லுவம்!” என்று பாதி மந்திரத்தை உரத்துத் தொடக்கினார். மற்றப் பாதியைக் குழு சொன்னது. அவர் ஒரு பாதி, அவர்கள் ஒரு பாதி. மூன்றாவது தடவையில் கத்தல் நின்று ஒரே குரலாகிவிட்டது. எனக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. பயந்த கூட்டத்தை இத்தனை கெதியாய் அடக்க எங்கள் பயிற்சியில் ஒரு வழியும் இல்லை.

வண்டித் தலைவி முன்பெட்டியிலிருந்து ஏறி இறங்கி வந்து சேர்ந்தார். “வெளியில பார்” என்றார். இடப்பக்க யன்னலால் பார்த்தேன். தோட்டத்து வேலிக் கட்டைகள் நேராக நின்றபடியே ஆற்றை நோக்கி மெதுவாக நடந்துகொண்டிருந்தன. நிலம் இன்னும் நிற்கவில்லை.

உதவி வரும்வரை பயணிகளை உள்ளேயே வைத்திரு என்பது விதி. அவர் வேலிக் கட்டையை மூன்று விநாடி பார்த்தார். “விதி எழுதினவருக்குக் கீழ நிலம் நிண்டது. எல்லாரையும் உள்ளால முன்னுக்குக் கொண்டு போ. இரண்டாம் பெட்டிக் கதவால இறக்கு. பை ஒண்டும் வேண்டாம்” என்றார்.

செபம் நிற்கவில்லை. அதன் தாளத்துக்கே ஆட்கள் நடந்தார்கள். பீற்றர் அண்ணை மட்டும் குனிந்து ஒரு அலுமினியச் சட்டியை இழுத்தார்.

“கோழிக்கறியை விட்டிட்டுப் போறதோ, றீற்றா?”

“சட்டியை விடு பீற்றர்! உன்னைத் தூக்கவே நாலு பேர் வேணும்!”

அந்த நேரத்திலும் சிரித்தோம். கடைசியாக இறங்குகிறவன் நான். இறங்க முன்னர் பெட்டியைப் பின்னால் வரைக்கும் போய்ப் பார்ப்பது என் வேலை. பின்பக்கம்தான் ஆகக் கூடச் சரிந்திருந்தது. ஏறிப் போவதற்குப் பதிலாக நின்ற இடத்தில் நின்று, தமிழில் கேட்டேன். “எல்லாரும் வந்தாச்சோ?”

எங்கட ஆட்கள் எப்படி எண்ணுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும்தானே! தலையை எண்ண மாட்டார்கள், குடும்பத்தை எண்ணுவார்கள். றீற்றா அக்கா பட்டியலைப் பார்த்துக் கூப்பிட, ஒவ்வொரு வீட்டுத் தலைவரும், “எங்கட ஆக்கள் எல்லாரும் இருக்கினம்” என்றார்கள். பதினேழு தடவை. பதினேழும் உண்மை. நான் இறங்கிவிட்டேன்.

வயலில், உறுதியான மேட்டில், கூட்டத்தை நிறுத்தினோம். மூன்றாம் பெட்டிக்குப் பொறுப்பானவர் தாளோடு ஓடிவந்தார். “எனக்கு ஒரு ஆள் குறையுது. ஒரு தமிழ்ப் பெண். உங்கட ஆக்களோட இருக்கப் போனவளாம். வந்திட்டாளா?”

அப்போது நான் சொன்னேன். இன்றைக்கும் அந்த வாயை எனக்குப் பொத்த வேண்டும் போலிருக்கிறது. “ஓமோம், எங்கட ஆக்கள் எல்லாரும் வந்தாச்சு.”

அவர் தாளில் சரி போட்டார். வண்டித் தலைவியிடம் கொடுத்தார். கணக்கு நேர்த்தியாக இருந்தது, பிள்ளைகளே. ஒரு இலக்கம்கூடப் பிசகவில்லை.

குளிர் காற்று. ஆட்கள் நடுங்கத் தொடங்கினார்கள். றீற்றா அக்கா, யார் தந்தது என்ற நினைவே இல்லாமல், கையில் ஒரு பச்சைக் கோட்டை வைத்துக்கொண்டு ஆள் ஆளாகப் போனார். “இது ஆற்ற? பிள்ளை, உன்ரயோ? அன்ரி, உங்கடயோ?” யாருடையதும் இல்லை. பீற்றர் அண்ணை, “ஒருத்தருக்கும் வேண்டாமெண்டால் எனக்குத் தா” என்றார். வழக்கமாக அதற்கு ஒரு சூடான பதில் வந்திருக்கும். வரவில்லை. றீற்றா அக்கா கோட்டைப் பார்த்தபடியே அப்படியே நின்றார். பிறகு என்னிடம் ஓடிவந்தார்.

“அண்ணை, என்ர கையால ரோல் வாங்கித் திண்ட பிள்ளை எங்கை?”

“முன்னுக்கு நிப்பா…”

“இல்லை. பாத்திட்டன். கை கழுவப் போனவள், அண்ணை. பின்பக்கம். தட்டியிருப்பாள். நான் சத்தமாய்ச் செபிச்சுக்கொண்டு நிண்டிட்டன்.”

வண்டித் தலைவியிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஒரே கேள்வி. பல வருடத்துக்கு முந்திய அதே கேள்வி.

“அவள் இறங்கினதைப் பார்த்தியா, கேட்டியா?”

“கேட்கவும் இல்லை. நானாய்ச் சொன்னன்.”

தீயணைப்பு வண்டிகளின் ஓசை தூரத்து வீதியில் கேட்டது. ஆனால் வயலெல்லாம் சேறு. அவர்கள் வந்து சேர இன்னும் நேரம் எடுக்கும். என் பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் ஒரு வெடிப்பு, கை நுழைகிற அகலம். வண்டித் தலைவி கழுத்தில் இருந்த விசிலைக் கையில் எடுத்தார். “ஒரு ஆள்தான் போகலாம். நான் அந்த வெடிப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பன். விசில் கேட்டால் திரும்பி வா. அவளோட வா, இல்லாட்டித் தனிய வா. சொல்லு, வருவியா?”

“வருவன்” என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

இரண்டாம் பெட்டி, மூன்றாம் பெட்டி, என் பெட்டி. ஆசனங்களின் முதுகைப் பிடித்துப் பிடித்துப் போனேன். என்ன என்று கூப்பிடுவது? அரைப் பயணம் சிரித்துக் கதைத்திருக்கிறோம், ஒருவரும் பெயரைக் கேட்கவில்லை!

“தங்கச்சி! தங்கச்சி!”

டொக், டொக். மெல்லிய தட்டல். பிறகு குரல். “அண்ணா… இங்க இருக்கேன். கதவு தொறக்க மாட்டேங்குது.”

“காயமோ?”

“மண்டைல அடி. மயங்கிட்டேன் போல. அப்புறம் ரொம்ப நேரம் தட்டினேன் அண்ணா. எல்லாரும் ஜெபம் பண்றது கேட்டுச்சு. அப்புறம் அதுவும் நின்னு போச்சு.”

இந்த ஒரு வசனத்தை நான் இன்னும் சுமக்கிறேன். அவள் அதை ஒரு முறைப்பாடாகச் சொல்லவில்லை.

சட்டம் முறுகிக் கதவை இறுக்கிப் பிடித்திருந்தது. கண்ணாடிப் பெட்டியை உடைத்து அவசர அலவாங்கை எடுத்து இடுக்கில் கொடுத்து நெம்பினேன். ஒரு விரல் அகலம். இரண்டு விரல். அவளுடைய கண் தெரிந்தது. ஒரு கை நுழையுமளவு வந்தது.

விசில் கேட்டது.

நீளமாக, நிறுத்தாமல். பெட்டிக்கு அடியில் எதுவோ பெருமூச்சு விட்டது.

“அது என்ன விசில் அண்ணா?”

பொய் சொல்லலாம். சொல்ல வாய் எழும்பியது. அன்றைக்கு ஒரு பொய் போதும் என்று பட்டது. “என்னைத் திரும்பி வரச்சொல்லுற விசில், தங்கச்சி. நிலம் இறங்குது. எனக்கு இன்னும் ஒரு நெம்பு நெம்ப நேரம் இருக்கு. நீ உள்ளுக்கை இருந்து இரண்டு காலாலையும் உதை. ஒரே நேரத்தில.”

“நான் எண்றேன் அண்ணா. மூணுல” என்றாள். “ஒண்ணு… ரெண்டு… மூணு!”

கதவு பிளந்தது. தோளைப் பிடித்து இழுத்தேன். மேட்டில் ஏறுகிறமாதிரி நடைபாதையில் நாலு காலால் ஏறினோம். மூன்றாம் பெட்டிக்குள் நாங்கள் விழவும், பின்னால் என் பெட்டி ஒரு ஆள் ஆழத்துக்கு இறங்கவும் சரியாக இருந்தது. யன்னல்கள் வரிசையாக வெடித்தன. பெட்டிகளை இணைக்கிற கொழுவி மட்டும் அறவில்லை. அது அறாததற்கு நான் யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாது, எல்லாருக்கும் சொல்லிவிட்டேன்.

இதை வீரம் என்று யாருக்கும் சொல்லித் திரியாதீர்கள். கதவை நெம்ப அலவாங்கும் முதுகும் போதும். அன்றைக்கு நான் எடுத்த முடிவுகளில் ஆகப் பெரியது அதற்கு முன்னரே, உறுதியான மேட்டில், ஆபத்து ஒன்றும் இல்லாத இடத்தில், அரை மூச்சில் எடுத்தது. ஒருவர் நம்பிக் கேட்டார், நான் பார்க்காததைச் சொன்னேன். எங்கட மொழி கதைக்கிற பிள்ளை என்றபடியால் எங்கட ஆட்களோடு வந்திருப்பாள் என்று எனக்கு நானே முடிவு கட்டினேன். எங்கட ஆட்கள் ஒவ்வொருவரும் தங்கட ஆட்களைத்தான் பார்த்தார்கள். அவள் ஒரு வீட்டுக்கும் ஆள் இல்லை. விசாரணையில் இதை நானே சொன்னேன். மூன்றாம் பெட்டிக்காரரின் தாளில் இருந்த சரியை என் பெயருக்கு மாற்றி எழுதச் சொன்னேன். வண்டித் தலைவி பக்கத்தில் இருந்தார். விசிலுக்குத் திரும்பாததையும் சொல்லு என்று கண்ணால் காட்டினார். அதையும் சொன்னேன்.

சரி, அன்று மாலை. வைத்தியக்காரர் அவளுடைய தலைக்குக் கட்டுப் போட்டு, வீட்டுக்குப் போகலாம், நாளைக்கு ஒருக்கால் காட்டு என்றார். வேறு சிலருக்குக் கை கால் முறிவு, அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உயிர் ஒன்றும் போகவில்லை. மிச்சப் பேரை மொன்றியலுக்கு ஏற்றிப் போக பஸ்கள் வந்தன. எங்கட ஆட்களை ஒரு பஸ்ஸில் ஏற்றினோம். எனக்கு மனம் பறந்தது. பஸ் சாரதி தலையை நீட்டி, “சரியா? போகலாமா?” என்றான்.

நம்புவீர்களோ தெரியாது. ஒரு உயிரைப் பறிகொடுக்கப் பார்த்த அதே வாய், அதே நாளில், அதே சொல்லை அப்படியே சொன்னது.

“ஓம், எல்லாரும் ஏறியாச்சு.”

படியில் ஏறிக்கொண்டிருந்த றீற்றா அக்கா திரும்பினார். நான் தொடக்கத்தில் எழுதிய அந்தப் பேச்சு அப்போது வந்ததுதான். “அவர் எந்த சீற்றில இருக்கிறார்? காட்டுங்கோ பாப்பம்!”

பஸ்ஸுக்குள் சிரிப்பு எழும்பி, அவருடைய முகத்தைக் கண்டு அடங்கியது. அவர் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். முதலாவது ஆசனத்தில் இருந்தவரின் தலையில் கையை வைத்தார். பெயரைச் சொன்னார். அடுத்த தலை, அடுத்த பெயர். கார்டெறிப் பிள்ளைகளை எண்ணுகிறமாதிரி, தொடாமல் ஒருவரையும் விடவில்லை. பீற்றர் அண்ணை, “மெல்ல அமத்து, மயிர் இருக்கிறதே கொஞ்சம்” என்றார். அவருடைய தலையையும் தொட்டு, பெயரைச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

கடைசி வரிசையில், பச்சைக் கோட்டுக்குள், தலையில் வெள்ளைக் கட்டோடு அந்தப் பெண் இருந்தாள். கட்டில் படாமல் உச்சியில் மெதுவாகக் கையை வைத்தார். வாய் திறந்தது. பெயர் வரவில்லை.

“பிள்ளை, உன்ர பேர் என்ன?”

“கார்த்திகா, அக்கா.”

“தகப்பன்ர பேர்?”

“சுந்தரம்.”

றீற்றா அக்கா பட்டியலை முழங்காலில் விரித்து, என்னிடம் பேனையை வாங்கினார். பதினேழாவது குடும்பத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, பதினெட்டு என்று போட்டு, ‘சுந்தரம் கார்த்திகா, ஒரு ஆள்’ என்று எழுதினார். பிறகுதான் சாரதிக்குக் கையைக் காட்டினார்.